பச்சைத் தண்ணிகூட

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் இன்னும் ஒரு முழம் நீளும். பதினோரு வருடங்களுக்கு முன்னால், அக்கா வீட்டு மாடிப்படியில் கையில் பெட்டியோடு நின்றுகொண்டு, எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தே, "இனிமே உன் வீட்டுல பச்சத் தண்ணிகூடக் குடிக்கமாட்டேன்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு ஒவ்வொரு படியாக, வேண்டுமென்றே மெதுவாக இறங்கினேன். பின்னாலேயே வந்து கையைப் பிடித்து இழுப்பாள் என்று நினைத்தேன். இருபத்திரண்டு படிகள். கடைசிப் படியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலப் பாசாங்குகூடச் செய்து பார்த்தேன். மேலே கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது.

சண்டையே தண்ணீரால் வந்ததுதான். கட்டியவனோடு ஒத்துவராமல் நான் அக்கா வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரே அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. அக்கா மகளுக்கு அப்போது எட்டு வயது. மாமா லாரி ஓட்டுபவர், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். தெருக்குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பது அந்தக் குழாய்க்கே தெரியாது. அக்கா விடிவதற்கு முன் இறங்கி வரிசையில் நின்று, எட்டுக் குடம் பிடித்து, ஒவ்வொன்றாக இருபத்திரண்டு படி ஏற்றி அடுக்குவாள். அன்றைக்கு அவள் மூன்றாவது குடத்துக்கு இறங்கியிருந்த நேரத்தில், சுமந்து வைத்திருந்த இரண்டு குடத்தையும் எடுத்து நான் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். வேலைக்கு நேர்முகத் தேர்வு. எண்ணெய் வழியும் தலையோடு போக மனம் வரவில்லை.

ஈரத்தலையோடு வெளியே வந்தபோது அக்கா இடுப்பில் குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள். காலிக் குடங்களைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். "உனக்கும் சேத்து என்னால தண்ணி சுமக்க முடியாதுடி" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு அங்கேயே இருந்திருப்பேன். அவள் சோர்ந்துபோய்ச் சொன்னாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் தலை முழுகினேன், அவள் என்னையே தலைமுழுகிவிட்டாள் என்று பிற்பாடு ஆபீசில் எல்லோரிடமும் வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தேன். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், அப்புறம் எழுந்து என் மேஜைக்குப் போய்விடுவேன்.

அந்த நேர்முகத் தேர்வில் கிடைத்த வேலைதான் இது. ஊருக்குக் குடிநீர் அனுப்பும் நிலையத்தில் பரிசோதனைக்கூடம். தெருத்தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து, அதில் கிருமி இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருடத்தில் குளோரினும் கிருமியும் எனக்குத் தண்ணிபட்ட பாடு. நிலையத்துக்குள்ளேயே ஒரு அறையும் கொடுத்திருக்கிறார்கள். குழாயைத் திருகினால் எந்த நேரமும் தண்ணீர் கொட்டும். அதில்தான் எனக்கு வேதனை. ஒவ்வொரு தடவை திருகும்போதும் அக்காவின் இடுப்பு ஞாபகத்துக்கு வரும். ஒரே ஒரு நாள் அவளை அழைத்துவந்து இந்தக் குழாய்க்கு முன்னால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. இருக்கிற பாத்திரத்தையெல்லாம் நிரப்பிவிட்டு, நிரப்ப ஒன்றும் இல்லாமல் போனதும் என் தரையைத் தேய்த்துக் கழுவ ஆரம்பிப்பாள். அக்கா அப்படிப்பட்ட சுத்தக்காரி. கழுவிய டம்ளரைக் குடிப்பதற்கு முன் இன்னொரு தடவை கழுவுகிற ஜாதி.

போய்ப் பேசியிருக்கலாம். பஸ்ஸில் அரை மணி நேரம். ஆனால் யார் முதலில் பேசுவது என்பதிலேயே முதல் வருடம் போனது. இரண்டாம் வருடம் வெட்கத்தில் போனது. அதற்குப் பிறகு, இவ்வளவு நாள் கழித்து என்ன முகத்தோடு போவது என்பதில் மீதி எல்லாம் போய்விட்டது.

ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் பட்டியலில் அக்கா தெரு வந்தது. குழாய்ப் பாதையில் அது கடைக்கோடி. வழியில் உள்ள வீடெல்லாம் உறிஞ்சியதுபோக மிச்சம்தான் அங்கே போகும், வாரத்தில் இரண்டு நாள், நேரம் காலம் கிடையாது. நாங்கள் பாட்டிலோடு போய்க் காத்திருந்தால் அன்றைக்கென்று குழாய் எங்களுக்குத் தண்ணி காட்டிவிடும். அதனால் அந்த மாதிரித் தெருக்களில் பொறுப்பான ஒரு வீட்டில் பாட்டிலைக் கொடுத்துவைப்போம். தண்ணீர் வரும்போது அவர்கள் பிடித்துவைத்துவிட்டுப் போன் போடுவார்கள். எங்கள் டிரைவர் போய் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துவருவார், அப்படியே அடுத்த வாரத்துக்கான பாட்டிலைக் கொடுத்துவிட்டு வருவார். ஆளில்லாத தெருவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே போவதால் அவருக்கு ஹாரன் என்றே பெயர். அந்தத் தெருவில் பொறுப்பான வீடு என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்த முகவரி, அக்காவின் முகவரி.

முதல் தடவை நாங்களே நேரில் போய், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று செய்து காட்ட வேண்டும். அது விதி. நான் போகவில்லை. அச்சடித்த விளக்கத் தாளை ஹாரனிடம் கொடுத்து, "இதக் குடுத்துடுங்கண்ணே, படிச்சாப் புரியும்" என்றேன். 'நேரில் விளக்கப்பட்டது' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டேன். பேனாவை எடுத்துப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை.

முதல் பாட்டில் வந்த அன்று அதன் லேபிளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேதி, நேரம், குழாய் இருக்கும் இடம். என் பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதித் தந்த அதே கையெழுத்து. 'ழ'வின் வாலை இன்னும் அடுத்த எழுத்துவரைக்கும் இழுத்துக்கொண்டுதான் போகிறாள். பாட்டிலும் பளபளவென்று மின்னியது. ஹாரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயங்கர சுத்தக்காரம்மா மேடம் அது. பாட்டில வாங்க உள்ள போனா, மொதல்ல காலக் கழுவுன்னுட்டாங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா கை பட்ட பாட்டில் வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கிருமியே இல்லை. 'குடிக்க உகந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்றத் தெருக்களுக்கெல்லாம் ஒரு கிறுக்கல்தான் போடுவேன். இதற்கு மட்டும் எழுத்தெழுத்தாக முழுப்பெயரையும் எழுதினேன். அந்தத் தாளின் நகல் ஹாரன் மூலம் அந்த வீட்டுக்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

அப்படியே வாரா வாரம் நடந்தது. லேபிளில் 'குறிப்பு' என்று ஒரு வரி உண்டு. அக்கா அதில் 'தண்ணீர் சன்னமாக வந்தது' என்று எழுதுவாள். ஒரு வாரம் 'மழை, ஒரு மணி நேரம் தாமதம்.' இன்னொரு வாரம் 'இடுப்பு வலி, மகள் உதவினாள்.' நான் அன்றைக்கு முடிவுத் தாளின் குறிப்பில், ஏதோ தொழில்நுட்ப ஆலோசனை மாதிரி, 'குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பிடிக்கவும்' என்று எழுதினேன். அடுத்த வார லேபிளில் 'ஸ்டூல் போடப்பட்டது' என்று வந்தது. அதைப் படித்துவிட்டு அடுப்புக்கூட மூட்டாமல் அன்று இரவு படுத்துவிட்டேன், வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. சோதனை முடிந்ததும் லேபிளை ஈரப்படுத்தி உரித்தெடுத்து என் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைப்பேன். இருபத்துநான்கு லேபிள் சேர்ந்துவிட்டது.

இடையில் அந்தத் தெருவிலிருந்து இரண்டு புகார் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு, தண்ணீரில் ஒரு வாடை என்றார்கள். எங்கள் பெரிய மேடம் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரிசல்ட் எல்லாம் சுத்தமா இருக்கே" என்று என்னைப் பார்த்தார்கள். நானும் கொஞ்சமும் யோசிக்காமல், "வெளியில எங்கயாவது கண்டதச் சாப்பிட்டிருப்பாங்க மேடம்" என்றேன். என் வாயைப் பற்றி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

இருபத்தைந்தாவது பாட்டிலை ஹாரன் கொண்டுவரவில்லை. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பரிசோதனைக்கூட வாசலில் வந்து நின்றாள். அக்காவின் நெற்றி, மாமாவின் காது. யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"சித்தி, நான்தான். அடையாளம் தெரியுதா?" என்றாள்.

தலையை மட்டும் ஆட்டினேன். எட்டு வயதில் என் மடியில் கால் போட்டுத் தூங்கிய பிள்ளை.

"அம்மாவ மூணு நாள் ஆஸ்பத்திரில வச்சிருந்தோம் சித்தி. வயித்தால நிக்காம போயிடுச்சு. நாக்கெல்லாம் வறண்டு, பேச்சே வரல. ட்ரிப் ஏத்தி, இன்னைக்குக் காலையிலதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். கிட்னி ரொம்ப வீக்காயிடுச்சாம். இன்னொரு தடவ இப்படி வந்தாத் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. குடிக்கிற தண்ணியச் சோதிச்சுப் பாருங்கன்னாரு." மூச்சு விடாமல் சொல்லிவிட்டு நிறுத்தினாள். "அம்மாதான் ஒத்துக்கவே மாட்டேங்குது. தண்ணியில ஒண்ணும் இருக்காது, என் தங்கச்சி சோதிச்ச தண்ணிங்குது."

"கொதிக்க வச்சுத்தானே குடிக்கிறீங்க?"

"முன்னாடி கொதிக்க வச்சுத்தான் குடிச்சோம் சித்தி. உங்க கையெழுத்து போட்ட தாளு வர ஆரம்பிச்சதும் அம்மா நிறுத்திடுச்சு. அவ சரின்னு எழுதினப்புறம் கொதிக்க வச்சா, அவள நம்பலன்னு ஆயிடும்னுச்சு. நான் வேலைக்குப் போற எடத்துலயே குடிச்சுக்குவேன். அப்பா எப்பவும் லாரியிலதான். வீட்டுத் தண்ணி அம்மாவுக்குத்தான்."

மேஜையில் இருந்த முடிவுத் தாள் கட்டைக் கவிழ்த்துவைத்தேன்.

அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். "இந்த வாரத்துப் பாட்டில். ஆஸ்பத்திரில பேச்சு வந்ததுலேர்ந்து இதே ஞாபகம்தான். கழுவி வச்சிருக்கேன், தண்ணி வந்தாப் பிடிச்சுக் குடுத்துடு, சித்தி காத்துக்கிட்டு இருப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

"என்ன செஞ்சு வச்சிருக்கா?"

"கழுவி. எப்பவும் மூணு தடவ சுடுதண்ணியில அலசி, வெயில்ல கவுத்து வச்சுக் காய வச்சிடும். நான் குழாயத் தவிர எதையும் தொடல சித்தி."

பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அந்தப் பளபளப்பு. எங்கள் பாட்டிலின் அடியில் ஒரு வெள்ளைப் பொடி, துளியூண்டு, ஒட்டிக்கொண்டிருக்கும். நாங்களே போட்டு அனுப்புவது அது. தண்ணீரில் குளோரின் இருந்தால் பிடித்த நிமிடமே அதை அந்தப் பொடி அடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் என்னதான் கிருமி வந்தாலும், பாட்டில் காத்திருந்து வண்டியில் வந்து சேருகிற இரண்டு மணி நேரத்தில் குளோரின் அத்தனையையும் கொன்று தீர்த்துவிடும். சோதித்தால் நல்ல தண்ணீர் என்று வரும். வீட்டில் திறந்த குடத்திலோ குளோரின் பறந்துபோய்விடும், கிருமி தங்கிவிடும். வாயில் வைத்தவர்களுக்குத்தான் அது என்ன தண்ணீர் என்று தெரியும். அதனால்தான் பாட்டிலை அலசவே கூடாது. அலசாதே என்று சொல்லத்தான் நேரில் போக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இருபத்துநான்கு வாரமும் அந்தப் பளபளப்பை நான் பார்த்தேன். பார்த்துப் பெருமைப்பட்டேன். வேறு எந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு பாட்டில் வந்திருந்தாலும் முதல் நாளே தூக்கி எறிந்திருப்பேன்.

"இன்னைக்குத் தண்ணி இன்னும் வருதா?" என்று கேட்டேன்.

"நான் கெளம்பும்போது வந்துக்கிட்டு இருந்துச்சு. இன்னும் ஒரு மணி நேரம் வரும்."

புதுப் பாட்டில் மூன்றை எடுத்துக்கொண்டு, ஹாரனை எழுப்பி, அவளையும் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுக்கச் சொன்னேன். வழியெல்லாம் அவர் ஹாரன் அடித்தார். முதல் தடவையாக அதற்காக அவரை நான் திட்டவில்லை.

தெரு அப்படியேதான் இருந்தது. மாடிக்கெல்லாம் குழாய் போட்டுவிட்டார்கள், தண்ணீர்தான் மாடி ஏறுவதில்லை. எல்லோரும் இன்னும் கீழே, சாக்கடையை ஒட்டின குழாயில்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி வேலையைப் பார்த்தேன். குழாய் வாயைத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்திச் சுட்டு, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மூன்று பாட்டிலிலும் அலசாமல் பிடித்தேன். குடத்தோடு நின்றவர்கள், "தண்ணிக்கே நெருப்பு வைக்கிறா பாரு" என்று சிரித்தார்கள். பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து மூடிவிட்டு நிமிர்ந்தபோது மேலே ஜன்னலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு படிகள். மகள் முன்னால் ஏறினாள்.

அக்கா கட்டிலில் வந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாகிவிட்டிருந்தாள். கன்னம் ஒட்டி, கையில் ட்ரிப் ஏற்றின இடம் நீலம் பாய்ந்து கிடந்தது. அறையில் குடங்கள் சுவர் ஓரமாக, அன்றைக்குப் பார்த்த அதே வரிசையில் நின்றன. வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் என்ன செய்வோமோ அதை அவள் செய்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு டம்ளரை இரண்டு தடவை கழுவி, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

எத்தனையோ தடவை இந்த டம்ளரை நினைத்திருக்கிறேன். விளிம்பில் சின்ன நசுங்கல், அதுகூட அப்படியே இருந்தது. கை தானாக நீண்டது. நானே பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"வேண்டாம்க்கா."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "இன்னும் அந்த வார்த்தைய விடல இல்ல நீ" என்றாள்.

"அது இல்லக்கா. தண்ணி சரியில்ல."

"நீதானே சரின்னு எழுதின" என்று சொல்லி, நான் குடிக்காததை வீணாக்க மனமில்லாமல், தானே குடிக்கப் போனாள். பாய்ந்து டம்ளரைப் பிடுங்கிச் சமையலறைத் தொட்டியில் கொட்டினேன். அந்த வீட்டில் தண்ணீரைக் கொட்டுவதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அதையும் நான் இரண்டாவது தடவையாகச் செய்துவிட்டேன்.

"பாட்டிலக் கழுவச் சொல்லி யாரு சொன்னா உனக்கு?" என்று கத்தினேன். வேறு எப்படியோ ஆரம்பிக்கத்தான் நினைத்திருந்தேன்.

அக்கா பயந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். "அடியில ஏதோ வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருந்துச்சுடி. உங்க ஆபீஸ்ல பாட்டிலக்கூட ஒழுங்காக் கழுவமாட்டாங்க போலன்னு நெனச்சேன். அழுக்குப் பாட்டில் அனுப்பி, நாளைக்கு உனக்குக் கெட்ட பேரு வந்துடக் கூடாது இல்ல."

"தாள் குடுத்தாங்களே, படிக்கலியா?"

"படிச்சேனே. ஆறாவதாப் போட்டிருந்துச்சு. குப்பிய நீரால் கழுவுதல் தவிர்க்கப்பட வேண்டும்னு. அதனாலதான் நான் பச்சத் தண்ணியில கழுவல. சுடுதண்ணியில கழுவினேன்."

எங்கள் ஆபீஸ் தமிழை இந்த உலகத்தில் கடைசி வார்த்தைவரை ஒழுங்காகப் படித்த ஒரே ஆள் என் அக்காதான். பொடியைப் பற்றியும் குளோரினைப் பற்றியும் சொன்னேன். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் புரிய வேண்டிய பாதி புரிந்துவிட்டது.

"அப்போ நான்தான் கெடுத்துட்டேனா?" என்றாள்.

"நான்தான்க்கா. நான் நேர்ல வந்து உனக்குச் செஞ்சு காட்டியிருக்கணும். வராமலே வந்த மாதிரி டிக் போட்டேன். உன் மூஞ்சியப் பாக்க வெக்கமா இருந்துச்சு."

அவள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். முடிவுத் தாள்கள். இருபத்துநான்கும் மடிப்புக் கலையாமல், தேதி வாரியாக. மேலே இருந்ததில் என் முழுப்பெயர் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. "உன் கையால எழுதினத நம்பறதா, இப்ப வாயால சொல்றத நம்பறதா?" என்று கேட்டாள். "உன் வாய நம்பாமத்தான் பதினோரு வருசம் கதவப் பாத்துக்கிட்டு இருந்தேன். கோவம் தணிஞ்சா நீ வந்துடுவேன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அழுதுகொண்டே, "ரெண்டு நாள் குடுக்கா. ரெண்டு நாளைக்கு மட்டும் கொதிக்க வைக்காத தண்ணி ஒரு சொட்டுகூட வாயில வைக்காத" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகளிடம், குமிழி வந்தவுடன் இறக்கிவிடாதே, நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு மூடிவைத்து ஆறவை என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

அந்த இரண்டு நாளும் என் அறைக் குழாயில் நான் தண்ணீர் குடிக்கவில்லை. வேண்டுதல் எல்லாம் ஒன்றுமில்லை, மனம் வரவில்லை. அவள் குடித்திருப்பாளா, மாட்டாளா, இதே நினைப்பு. மகளுக்கு எத்தனை தடவை போன் போட்டேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் சலிக்காமல், "கொதிக்க வச்சுத்தான் குடுக்கறேன் சித்தி, ஆனா பேச மாட்டேங்குது" என்றாள்.

சோதனைக் குழாய்களில் ஊதா நிறக் கரைசல் ஊற்றித் தண்ணீரைக் கலந்து வெதுவெதுப்பில் வைப்போம். கிருமி இருந்தால் ஊதா மஞ்சளாகும். வழக்கமாக இரண்டு நாள் பார்ப்போம். அக்கா தெருவின் தண்ணீர் மறுநாள் காலையிலேயே மஞ்சளாகிவிட்டது, மூன்று பாட்டிலும். இரண்டாம் நாள் உறுதிசெய்துகொண்டு, இருபத்துநான்கு வாரத்து முடிவுகளும் செல்லாது, காரணம் நான், என்று எழுதிப் பெரிய மேடம் முன்னால் வைத்தேன். அவர்கள் அதை இரண்டு தடவை படித்தார்கள். "டிக் போடறதுக்கு முன்னாடி ஒரு பஸ் ஏறியிருக்கக் கூடாதா?" என்றார்கள். மெமோ வந்தது. ஆறு மாதத்துக்கு எந்த முடிவுத் தாளிலும் நான் கையெழுத்துப் போடக் கூடாது என்றார்கள். சரி என்றேன். என் கையெழுத்துக்கு அந்தத் தண்டனை போதாது என்றுதான் எனக்கே தோன்றியது.

அன்றே தோண்டிப் பார்த்தார்கள். சாக்கடைக்கு அடியில் குழாய் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் வராத நாளில் குழாய் வெறுமையாகக் கிடக்கும்போது அது சாக்கடையைக் குடித்திருக்கிறது. சரிசெய்து, குழாயைக் கழுவிவிட்டு, மறுபடி சோதித்து முடிக்கப் பத்து நாள் ஆகும். அதுவரை தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று அறிவிப்பு அச்சடித்தார்கள். அதை ஒட்டுவதற்கு ஹாரன் போதும். நானே போகிறேன் என்றேன்.

நாற்பத்தொரு வீடு. ஒவ்வொரு கதவாகத் தட்டி, தாளை ஒட்டி, அதில் உள்ளதை என் வாயாலும் சொன்னேன். புகார் கொடுத்த வீட்டுக்காரர், "வெளியில கண்டதச் சாப்பிட்டோம்னு சொன்னீங்களாமே" என்றார். என் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று இன்னொரு அம்மாள் முகத்துக்கு நேராகக் கேட்டாள். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்துவைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. என் வாய்க்கு அது பழக்கமில்லாத வேலை.

அக்கா வீட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். ஏறும்போது படிகளை எண்ணினேன். இருபத்திரண்டு. கதவு திறந்தே இருந்தது.

அக்கா எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது. அடுப்பில் இருந்த பெரிய பாத்திரம் அவள் வீட்டில் நான் பார்த்திராதது, புதிதாக வாங்கியிருக்க வேண்டும். மூடியின் ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது. நான் கதவில் தாளை ஒட்ட ஆரம்பித்தேன். "கோணலா ஒட்டற" என்றாள். பிய்த்து நேராக ஒட்டினேன்.

"மஞ்சளாயிடுச்சுக்கா" என்றேன். "மூணும்."

"தெரியும். பொண்ணு சொன்னா." அடுப்பைத் தணித்துவிட்டு, "உன் வேலைக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"கையெழுத்துதான் போடக் கூடாது, ஆறு மாசத்துக்கு."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். டம்ளரைக் கழுவும் சத்தம் கேட்டது. இன்னொரு தடவை கழுவும் சத்தம். திரும்பி வந்தபோது கையில் அந்த நசுங்கின டம்ளர் இருந்தது. என் முன்னால் நீட்டினாள். வெதுவெதுவென்று இருந்தது, தொடாமலே தெரிந்தது.

நான் டம்ளரைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். வாங்கும் தைரியம் வரவில்லை.

"நீ அன்னைக்கு என்ன சொன்ன? என் வீட்டுல பச்சத் தண்ணி குடிக்கமாட்டேன்னு சொன்ன" என்றாள். "இது பச்சத் தண்ணி இல்ல. கொதிச்சு ஆறின தண்ணி."

நான் சொன்னது 'கூட'. பச்சைத் தண்ணி*கூட* என்றேன். அந்த ஒரு சொல்லில் அவள் வீட்டுத் தண்ணீர், சோறு, கட்டில், தலையணை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவளுக்கும் அது தெரியும். ஆறாவது வரியைப் படித்தமாதிரியே இதையும் படித்து, எனக்காக அந்த 'கூட'வை மட்டும் விட்டுவிட்டாள்.

வாங்கிக் குடித்தேன். ஒரே மூச்சில், கீழே வைக்காமல். ருசி என்று ஒன்றுமில்லை, கொதித்த தண்ணீருக்கு என்ன ருசி இருக்கும்? ஆனாலும் அடிவரைக்கும் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து ஒரு சொட்டு மிச்சமில்லை என்று காட்டினேன். சின்ன வயதில் மருந்து குடித்துவிட்டு அவளிடம் அப்படித்தான் காட்டுவேன்.

"இன்னும் ஊத்தவா?" என்று கேட்டாள். நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு, "குடி. உனக்கும் சேத்துத்தான் வச்சேன்" என்றாள்.

டம்ளரை நீட்டினேன்.